பத்தொம்பது பொய், ஒரு பேராச்சி

அந்தப் புஸ்தகத்தை மூடி வைங்கம்மா. ஓடுற பஸ்ல வாசிச்சா குமட்டும். சொல்லுதேன்னு தப்பா நெனைக்காதீங்க, இருபத்தோரு வருஷமா எனக்கு இதான் சோலி. யாரு எப்பிடி வாசிக்கா, எந்த இடத்துல தடுமாறுதா, ஏன் தடுமாறுதா, அதைக் கண்டுபிடிக்கது. கண் டாக்டர் இல்லம்மா. வாசிப்பு டீச்சர். வாசிக்க வராத பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கதுக்குன்னே தனியா ரெண்டு வருஷம் படிச்சுட்டு வந்தவ. ஆவுடைச்செல்வின்னு கேட்டா எங்க பக்கத்துல யாருக்கும் தெரியாது. எழுத்துக்கூட்டி டீச்சர்னு கேட்டா சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டும்.

நீங்களும் திசையன்விளைக்கா? நல்லதாப் போச்சு. நான் ஒரு பொண்ணை அழைக்கப் போறேன். என் பொண்ணு இல்ல. பேராச்சின்னு எங்க ஊர்ல ஒருத்தி இருக்கா, அவ மக. கட்டிக்கொடுத்த இடத்துல இருந்து நாலு நாள் அம்மாகிட்ட வந்து இருக்கணும்னு அந்தப் பிள்ளைக்கு ஆசை. பொறந்த வீட்டு ஆளு போயி முறையா அழைச்சாத்தானே அனுப்புவாங்க? அனுப்புவாங்களா மாட்டாங்களாங்கது இன்னிக்கு என் கையில இருக்கு. பெத்தவ இருக்கும்போது நீ ஏன் போறேன்னு கேப்பீங்க. கேக்கலைன்னாலும் சொல்லத்தான் போறேன், நாங்குநேரி தாண்ட இன்னும் நேரம் கிடக்கு.

போன வருஷம் ஒரு பேச்சு வந்துச்சு. வட்டாரத்துக்கு ஒரு வாசிப்பு ஆலோசகர் போடப் போறாங்கன்னு. தனி ரூம், சுத்துற நாற்காலி, வாசல்ல பேர்ப்பலகை. இத்தனை வருஷமா பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் பையைத் தூக்கிட்டு அலைஞ்சு, வராண்டாவுல உக்காந்து பாடம் எடுத்தவ நான். எனக்குன்னு ஒரு நாற்காலி கிடையாதும்மா. ஹெட்மாஸ்டர் லீவு போட்டா அவர் நாற்காலி, இல்லைன்னா பெஞ்சு. அந்த வேலை எனக்குத்தான்னு நானே முடிவு பண்ணிட்டேன். ஒரே ஒரு நிபந்தனை. பெரியவங்களுக்கு எழுத்தறிவு மையம் ஒண்ணு ஆறு மாசம் நடத்திக் காட்டணும். இருபது பேரு. ஆய்வு அன்னிக்கு இருபது பேரும் உக்காந்திருக்கணும். பத்தொம்பதுன்னா மையமே கணக்குல கிடையாது.

எங்க ஊர்ல எழுத்து தெரியாதவங்க மொத்தமே பதினோரு பேரு. பதினோரு பேரும் விடிஞ்சா வேலைக்குப் போயிருவாங்க, சாயங்காலம்தான் வருவாங்க. வாங்க படிப்போம்னு கூப்பிட்டா, ‘நீங்க வந்து எங்க வீட்டுல உலை வைங்க டீச்சர், நாங்க வந்து படிக்கோம்’ங்காங்க. எம்புட்டு வாயி பாருங்க. வந்தது ஒருத்திதான். பேராச்சி.

மிச்சம் பத்தொம்பது பேருக்கு நான் எங்க போவேன்? ஊர்ல இருக்கவங்களைத்தானே சேக்க முடியும். அவங்களுக்கு வாசிக்கத் தெரிஞ்சிருந்தா அது என் குத்தமா?

முதல்ல பூதலிங்கம் அண்ணாச்சியைச் சேத்தேன். முப்பத்தி நாலு வருஷம் தபால்காரரா இருந்து ரிட்டயர் ஆனவரு. அப்புறம் டீக்கடை வண்டிமலை. காலையில பேப்பரை வாய்விட்டு வாசிச்சு ஊருக்கே சேதி சொல்லுத ஆளு. இப்பிடி மளமளன்னு பத்தொம்பது சேந்துச்சு. சாயங்காலம் அஞ்சுல இருந்து ஆறு வரைக்கும் ஒரு பொழுதுபோக்கு, சுண்டல் உண்டு, யாரு வேண்டாம்னு சொல்லுவா?

சிரிக்காதீங்க. கஷ்டம் அதுக்குப் பொறவுதான். தெரியாதவனுக்குத் தெரிய வச்சிரலாம்மா. தெரிஞ்சவனுக்குத் தெரியாம வைக்கது இருக்கே, அதுக்கு எந்தக் காலேஜ்லயும் படிப்பு கிடையாது. அண்ணாச்சிகிட்ட ஒரு வரியைக் காட்டி ‘தெரியாத மாதிரி பாருங்க’ன்னா, பாக்கதுக்கு முன்னாலயே வாசிச்சு முடிச்சிருதாரு. ‘நான் என்ன தாயி செய்ய, கண்ணு என் பேச்சைக் கேக்க மாட்டேங்கு’ன்னு பாவமா சொல்லுதாரு. வண்டிமலைக்கு நேர் எதிர்க் கோளாறு. அவனுக்கு நடிப்பு ஜாஸ்தி. ‘அ’வைக் காட்டுனா தலையைப் பிடிச்சுக்கிட்டு, ‘ஐயோ இது என்னதுன்னே தெரியலையே’ன்னு அழுவான்.

ஆனா நான் யாரு? நாய் வேஷம் போட்டாக் குரைச்சுத்தானே ஆகணும்? ஒரு நோட்டுப் போட்டேன். ஆறு மாசத்துக்கும் திட்டம். முதல் மாசம் எழுத்தைப் பாக்கக் கூடாது, டீச்சர் மூஞ்சியைப் பாக்கணும். நெசமாவே தெரியாத பிள்ளை அப்பிடித்தான் பாக்கும், தாள்ல தேடாது, நம்ம மூஞ்சியில தேடும். ரெண்டாம் மாசம் முதல் எழுத்தைப் பாத்துட்டு மிச்சத்தைக் குத்துமதிப்பா சொல்லணும். மூணாம் மாசம் கொம்புல சிக்கணும். கொம்பு முன்னால நிக்கும், சத்தம் பின்னால வரும், எழுத்துக் கூட்டுதவங்க எல்லாரும் அங்ஙனதான் வழுக்குவாங்க. நாலாம் மாசம் விரல் வச்சு ஒவ்வொரு எழுத்தா சத்தமாச் சொல்லிக் கூட்டணும். அஞ்சாம் மாசம் வரி தாவணும், தாவிட்டு முழிக்கணும், திரும்பி வரணும். ஆறாம் மாசம் தட்டுத் தடுமாறி வாசிக்கணும். ஒவ்வொருத்தருக்கும் எங்க தடுமாறணும்னு தனித்தனியா குறிச்சு வச்சிருந்தேன். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்மா. வாசிக்க வராத பிள்ளையும் என் எழுத்தை வாசிச்சிரணும்னு பழக்குன கை.

அப்பிடி ஒரு ஒத்திகை. நாலாம் மாசத்துல பூதலிங்கம் அண்ணாச்சி வாசிக்கதைக் கேட்டா உங்களுக்கே கண்ணுல தண்ணி வந்திரும். விரலை வச்சு, ‘ப… ட… கு… படகு’ன்னு, ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவுல வெத்திலை போட்டுட்டு வரலாம். நான் மனசுக்குள்ள கைதட்டிக்கிட்டேன்.

பேராச்சியா? அவ அண்ணாச்சிக்குப் பக்கத்துலதான் உக்காருவா. அவர் விரல் போற வழியையே பாத்துக்கிட்டு இருப்பா. அவளுக்குன்னு தனியா நான் ஒண்ணும் சொல்லிக்கொடுக்கலை. பொய் சொல்ல மாட்டேன், நேரம் இல்ல. பத்தொம்பது பேரை மறக்க வைக்கதுக்குள்ளேயே எனக்கு நாக்குத் தள்ளிப் போச்சு. அவதான் எப்பிடியும் தெரியாதவ, அவளுக்கு எதுக்குப் பயிற்சி?

அவ ஏன் படிக்க வந்தாங்கதையும் சொல்லிருதேன். மக முத்துக்கனி அங்க திசையன்விளையில மாமியா கூட இருக்கா. போன்ல பேசுனா மாமியா பக்கத்துலயே நிக்கும். அதனால வாயில ‘நல்லாருக்கேம்மா’ மட்டும்தான் வரும். மனசுல கிடக்கதை அதே போன்ல எழுதி அனுப்புவா. அதை ஊர்ல யாருகிட்டக் கொடுத்து வாசிக்கச் சொன்னாலும் வீட்டுச் சேதி தெருவுக்குப் போயிரும்லா? டீச்சர்னா பத்திரம்னு எங்கிட்டக் கொண்டு வருவா. நானும் வாசிச்சுச் சொல்லுவேன். ஒருநாள் கேக்கா, ‘டீச்சர், பாக்கும்போது நீளமா இருக்கு, நீங்க வாசிக்கும்போது குட்டையா இருக்கே?’ன்னு. நான் சாரத்தைச் சொல்லுவேன்மா. ‘சளி பிடிச்சிருக்கு, கசாயம் வச்சேன், மாமியா வைச்ச குழம்புல உப்பில்லை’ எல்லாத்தையுமா வாசிச்சுக்கிட்டு இருக்க முடியும்? நல்லாருக்காளாம்னு ஒரு வார்த்தையில முடிச்சிருவேன். அந்தக் குட்டைதான் அவளை மையத்துக்குக் கொண்டு வந்திருக்கு. அது எனக்குப் பொறவுதான் தெரிஞ்சுது.

ஆய்வுக்குத் தேதி வந்துச்சு. திங்கக்கிழமை. மறுநாள் செவ்வாய் எங்க ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. அதுக்கு முந்தின வியாழக்கிழமை பேராச்சி போனைக் கொண்டு வந்து நீட்டுதா. முத்துக்கனி எழுதியிருக்கா. சளி தேவலை, உன் உடம்பைப் பாத்துக்கோ, அப்பிடி இப்பிடின்னு. நடுவுல ஒரு வரி. ‘கொடைக்கு நீ வந்து என்னைக் கூப்பிடும்மா, உன் பக்கத்துல நாலு நாள் படுத்துத் தூங்கணும் போல இருக்கு.’

நீங்களே யோசிச்சுப் பாருங்க. இவ கூப்பிடப் போனா ரெண்டு பஸ் மாறிப் போகணும். சம்பந்தி வீட்டுல ஒரு நாளாவது தங்க வைக்காம விடமாட்டாங்க, சாப்பிடாம விடமாட்டாங்க. சனிக்கிழமை போனா திங்கக்கிழமை சாயங்காலம்தான் வந்து சேருவா. இருபது பத்தொம்பது ஆயிரும். இருபத்தோரு வருஷம் போயிரும். நான் அந்த வரியை வாசிக்கலை. அவ்வளவுதான். முழுப் பூசணிக்காயையா சோத்துல மறைச்சேன்? ஒரு வரிம்மா. கொடை அடுத்த வருஷமும் வரும், ஆலோசகர் வேலை வருமா?

‘நல்லாருக்காளாம் பேராச்சி, உன் உடம்பைப் பாத்துக்கிடச் சொல்லுதா’ன்னேன். அவ போனை வாங்கி முந்தானையில துடைச்சுட்டுப் போனா.

திங்கக்கிழமை அதிகாரி வந்தாங்க. நர்மதா மேடம். சின்ன வயசு, சிரிக்கவே சிரிக்காத முகம். பூதலிங்கம் அண்ணாச்சி எந்திச்சு வாசிச்சாரு பாருங்க! கொம்புல சிக்கி, வரி தாவி, முழிச்சு, திரும்பி வந்து. மேடம் தண்ணி எடுத்துக் கொடுத்தாங்க அவருக்கு. வண்டிமலையும் அழாம வாசிச்சான். எனக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு. பதினெட்டு, பத்தொம்பதுன்னு வரிசையா முடிஞ்சுது.

மேடம் பாடப் புஸ்தகத்தை மூடிட்டாங்க. ‘எல்லாரும் இதே பக்கத்தைப் பல தடவை பாத்திருப்பாங்க. பாக்காத எதையாவது கொடுத்துப் பாப்போம்’னு மேசை டிராயர்ல கையை விட்டு ஒரு நோட்டை எடுத்தாங்க. என் நோட்டும்மா. நோட்டை நான் ஏன் அங்ஙன வச்சேன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியலை. ‘பின்னால உக்காந்திருக்க அம்மா, நீங்க வாங்க’ன்னு பேராச்சியைக் கூப்பிட்டாங்க. ‘அவ இன்னும் அந்த அளவுக்கு வரலை மேடம், எழுத்தே தெரியாது’ன்னேன். சொல்லும்போது எனக்குச் சந்தோசம். பாவி வாசிக்க மாட்டா, தப்பிச்சோம்னு.

பேராச்சி விரலை வச்சா. ‘பூ… த… லி… ங்… கம். பூதலிங்கம். மூ… ணு… இட… த்துல… தடு… மா… றணும்’னா.

மையமே செத்துப் போச்சு. அவ நிமிந்து பாக்கவே இல்லை, எழுத்தை விட்டா ஓடிப்போயிருமோன்னு பயம் அவளுக்கு. ‘வண்… டி… மலை. அழ… க்… கூடாது’ன்னா. வண்டிமலை அங்ஙனேயே சிரிச்சுட்டான், மூதி. அவ நிறுத்தலை. விரல் கீழ இறங்குது. ‘பே… ரா… ச்… சி’ன்னு வாசிச்சுட்டு ஒரு நிமிசம் நின்னா. தன் பேரை முத முதல்ல எழுத்துல பாக்கா. அந்த முகம் மலந்ததை நான் பாத்தேன். அடுத்து வாசிச்சா. ‘பின்னால… உக்… கா… ரணும். வா… யைத்… தொறக்க… க்… கூடாது.’

தவளையாவது தன் வாயால கெட்டுச்சு. நான் என் கையெழுத்தால கெட்டேன். ஒவ்வொரு எழுத்தும் முத்து முத்தா எழுதியிருந்தேனே!

மேடம் நோட்டை வாங்கி மெதுவாப் புரட்டுனாங்க. அப்புறம் பேராச்சிகிட்ட, ‘உங்களுக்கு யாரும்மா சொல்லிக்கொடுத்தது?’ன்னு கேட்டாங்க. அங்ஙன இருக்கும்மா என் தலையெழுத்து. ‘டீச்சர்தான்’னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பத்தொம்பது பொய்க்கு ஒரு நெசம்னு மேடம் மனசு இளகியிருக்கும். அவ பூதலிங்கம் அண்ணாச்சியைக் கைகாட்டுதா. ‘இந்த அண்ணாச்சிதான். ஒவ்வொரு எழுத்தா விரல் வச்சு, நிறுத்தி நிறுத்திச் சொல்லுவாக. எனக்காகத்தான் அப்பிடிச் சொல்லுதாகன்னு நெனைச்சேன். தங்கமான மனுசன்’னா.

அண்ணாச்சி தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. அப்பிடி நிறுத்தி நிறுத்திச் சொல்லச் சொன்னது யாரு? மாசக்கணக்குல மண்டையை உடைச்சுத் திட்டம் போட்டது யாரு? அவளுக்கு எழுத்து வந்துச்சுன்னா அது என் திட்டத்துல வந்ததுதானே? என் பேரைச் சொல்லலையேங்கது எனக்கு இன்னும் நெஞ்சுல முள்ளாக் குத்துது. வேலை போனதுகூட அப்புறம்தான்.

ஆலோசகர் வேலை போச்சு. இப்ப மையத்தை நடத்துதது யாருன்னு நெனைக்கீங்க? பூதலிங்கம் அண்ணாச்சி. பதினோரு பேரும் வாராங்களாம். அதே மாதிரி விரல் வச்சு, அதே மாதிரி மூச்சு விட்டு. என் மூணாம் மாசமும் நாலாம் மாசமும்தான் அங்க ஓடுது.

சரி, அது போகட்டும். மறுநாள் கொடை. காலையில மேளச் சத்தம் காதைப் பிளக்குது. பேராச்சி என் வீட்டுக்கு வந்து நிக்கா. கையில போன். ‘வியாழக்கிழமை வந்ததை இன்னொரு தடவை வாசிங்க டீச்சர்’ங்கா. எனக்குச் சுருக்குன்னுச்சு. ஆனாலும் வாசிச்சேன். சளி தேவலையாம், உன் உடம்பைப் பாத்துக்கிடச் சொல்லுதான்னு. அவ என் ஆள்காட்டி விரலைப் பிடிச்சா. பிடிச்சு அந்த வரியில முதல் எழுத்துக்குக் கீழ வச்சா. ‘வரி தாவுதீங்க டீச்சர். விரல் வச்சு வாசிங்க’ன்னா.

கத்தலைம்மா. ஒரு கெட்ட வார்த்தை சொல்லலை. சொல்லியிருந்தா நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவ கைக்குள்ள என் விரலு. வாசிச்சேன். ‘உன் பக்கத்துல நாலு நாள் படுத்துத் தூங்கணும்’ங்குத இடத்துல நானே எழுத்துக்கூட்ட வேண்டியதாப் போச்சு. நானும் ஒரு அம்மாவுக்கு மகதானே.

அன்னிக்கே கிளம்பிப் போனா. சம்பந்தியம்மா, ‘கொடை முடியப் போற நேரத்துல என்ன அழைப்பு? நாலஞ்சு நாளா பிள்ளை வாசலைப் பாத்துக்கிட்டு நின்னாளே’ன்னு சொல்லி அனுப்ப மாட்டேன்னுட்டாங்க. டீச்சர் மறைச்சுட்டாங்கன்னு இவ சொல்லியிருக்கா. ‘எந்த ஊர்ல டீச்சர் அப்பிடிச் செய்வாங்க? மறந்துட்டு வந்து டீச்சர் மேல பழி போடுதியே’ன்னு கேட்டாங்களாம். பாருங்க, நம்ம தொழிலுக்கு இன்னும் எம்புட்டு மரியாதை இருக்குன்னு! முத்துக்கனி உள்ளேயே இருந்துட்டாளாம். அம்மா மறந்துட்டான்னு அவளுக்கும் வருத்தம்.

முந்தாநாள் பேராச்சி திரும்ப வந்தா. ஒரு தாளைக் கையில கொடுத்தா. அவளா எழுதுனது. ‘நீங்களே போயி, சம்பந்தியம்மா முன்னால இதை வாசிக்கணும் டீச்சர். அவங்களுக்கு எழுத்து தெரியாது. நீங்க வாசிச்சாத்தான் நம்புவாங்க’ன்னா. முடியாதுன்னு சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். சரின்னு வந்திருச்சு.

நீங்க கேளுங்க, ஒரு தடவை வாசிச்சுப் பாக்கேன். ‘சம்பந்தியம்மாளுக்குப் பேராச்சி எழுதுவது. நான் என் மகளை மறக்கலை. கொடைக்குக் கூப்பிடச் சொன்னது எனக்குத் தெரியாது.’ துணைக்கால் எல்லாம் கோணலா இழுத்திருக்கா, இருந்தாலும் தப்பில்லாம எழுதியிருக்கா. ‘இப்ப இதை வாசிக்குத டீச்சர்தான் அன்னிக்கு அதை எனக்கு வாசிக்காம விட்டது. எனக்கு எழுத்து தெரியாது, அதனால ஏமாந்தேன். இப்பத் தெரியும். முத்துக்கனியை நாலு நாள் அனுப்புங்க.’

அம்புட்டுதான் கடுதாசி. நடுவுல இருக்க அந்த ஒத்தை வரியை மட்டும் விட்டுட்டு வாசிச்சா என்னன்னு யோசிச்சேன். நல்லா யோசிச்சேன், மறைக்க மாட்டேன். அதை விட்டா அவ வராததுக்குக் காரணமே இல்லாமப் போயிருது, பிள்ளையை அனுப்ப மாட்டாங்க. வாசிச்சா அந்த வீட்டு முற்றத்துல நான் நிக்கணும், அந்தப் பிள்ளை கதவுப் பக்கமா நின்னு என் மூஞ்சியைப் பாக்கும்.

ஏம்மா, நீங்களும் அங்கதானே இறங்குதீங்க? பஸ் ஸ்டாண்டுல இருந்து நாலு வீடுதான். ஒரு அஞ்சு நிமிசம் என்கூட வாங்களேன். நீங்க வாசிச்சுருங்க. ஒரு வரி விடாம வாசிங்க, நான் பக்கத்துலயே நிக்கேன், ஓடிற மாட்டேன். நீ ஏன் வாசிக்கலைன்னு என்னைக் கேட்டா, இந்த அம்மாவுக்கு எழுத்து தெரியாதுன்னு சொல்லிருங்க. அவங்க நம்புத மாதிரி நான் பாத்துக்கிடுதேன்.